மூன்றாவது மனு: மலப் பரிசோதனையை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக் கோரி

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: வளரிளம் பருவத்தினரின் ரத்தசோகை – கொக்கிப்புழு முட்டைப் பரிசோதனை – மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பாமல் அன்றே, இங்கேயே பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் அளித்த மனு. 2. அதற்குப் பதில் வராததால் தபாலில் அனுப்பிய நினைவூட்டு மனு. (இதற்கும் பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி தங்களுக்குப் புதிதல்ல. மேல்நிலைப் பள்ளியின் பின்சுவரில் தொடங்கி ஓடைக்கரை வரை முந்திரித் தோப்புதான். மணல் கலந்த செம்மண், எந்நேரமும் நிழல், அடியில் ஈரம். கொட்டை பொறுக்குவதும் அங்கே, சருகு அள்ளுவதும் அங்கே, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராத நாளில் பிள்ளைகள் ஒதுங்குவதும் அங்கே. பாதிப் பேர் காலில் செருப்பு இருக்காது. மலத்தோடு மண்ணில் விழும் கொக்கிப்புழு முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, 5 முதல் 10 நாளில் பாதத்தோலைத் துளைக்கும் இளம்புழுவாகிவிடும். அதற்கு எங்கள் தோப்பைவிடத் தோதான இடம் கிடையாது.

1. பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறார்கள். அதில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு மாத்திரை. இரண்டிலும் எங்களுக்குக் குறை இல்லை, நன்றியே சொல்கிறோம். ஆனால் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருப்பதாகக் கண்டறிந்து, தினம் இரண்டு வேளை மூன்று மாதம் மாத்திரை எடுத்த பெண் பிள்ளைகளில் பலருக்கு அளவு ஏறவே இல்லை. பலப்பம், பச்சரிசி, அடுப்புக்கரி என்று கண்டதையும் தின்பதும் நிற்கவில்லை. "நீ மாத்திரையைத் துப்பியிருப்பே" என்று பழி பிள்ளை மேல் விழுகிறது.

2. துப்பவில்லை ஐயா. கணக்கு இதுதான். நம் நாட்டில் பரவலாக உள்ள நெக்கேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மி.லி. ரத்தத்தை வீணாக்கும். நூறு புழு இருந்தால் 3 மி.லி. மாதத்துக்கு 90 மி.லி. மாதவிடாயில் சராசரியாகப் போவது 30 முதல் 40 மி.லி. தான். அப்படியானால் வயிற்றுக்குள் மட்டும் மாதம் இரண்டு மாதவிடாய்க்கு மேல் நடக்கிறது. ஹீமோகுளோபின் 10 உள்ள பிள்ளைக்கு அந்த 3 மி.லி.யோடு போகும் இரும்பு சுமார் 1 மி.கி. குடல் அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் மிச்சம் நஷ்டம்தான். ஒரு வளரிளம் பெண் நாள் முழுதும் சாப்பிட்டதிலிருந்து உறிஞ்ச வேண்டியதே ஒன்றரை, இரண்டு மி.கி.க்குள். புழு கடித்துத் தொங்குவதும் இரும்பு உறிஞ்சப்படும் அதே சிறுகுடல் மேல்பகுதியில். சாப்பாட்டோடு டீ குடித்தால் உறிஞ்சுவது இன்னும் குறையும், அதை நாங்கள் வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். ஆனால் டீயை நிறுத்தியதால் ஓட்டை அடைபடாது.

3. எங்களை வாட்டி எடுப்பது மலப் பரிசோதனை. அதை விவரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம்.

காலை ஆறு, ஏழு மணிக்குப் பிள்ளைகள் டப்பாவில் மாதிரி எடுக்கிறார்கள். பத்து மணிக்குச் செவிலியர் வாங்கிச் சேர்க்கிறார். பதினொன்றரை மணிப் பேருந்தில் ஒரு பையில் கட்டி அனுப்புகிறார்கள். பையில் ஐஸ் கிடையாது, மாதிரி கெடாமல் காக்கும் ஃபார்மலினும் கிடையாது. பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. போய்ச் சேரும்போது ஆய்வகத்தில் மாதிரி வாங்கும் நேரம் முடிந்திருக்கும். மறுநாள்தான் கண்ணாடித் தகட்டில் ஏறும். சித்திரை வெயிலில் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் மூடிய டப்பாவுக்குள் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை முட்டையாக இருக்குமா? பொரிந்து இளம்புழுவாகியிருக்கும், அல்லது சிதைந்திருக்கும். முட்டைகளை எண்ணும் கேட்டோ-காட்ஸ் முறையில் தகடு போட்டால் இன்னும் மோசம். கிளிசரின் ஊறிய செல்லோஃபேன் தாளுக்கு அடியில் கொக்கிப்புழு முட்டையின் மெல்லிய ஓடு சீக்கிரமே கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால்தான் தகடு போட்ட 30 முதல் 60 நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. நாக்குப்பூச்சி முட்டையின் ஓடு தடிமனானது, காத்திருக்கும். கொக்கிப்புழு காத்திருக்காது.

முடிவாக வரும் தாளில் "புழு முட்டை இல்லை" என்று முத்திரை. எல்லாத் தாளிலும் அதே முத்திரை.

அந்தத் தாளைக் காட்டித்தான் ஐயா, "முகாமில் மாத்திரை கொடுத்தாச்சு, ரிப்போர்ட்டும் நெகட்டிவ், இதுக்கு மேல என்ன?" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒற்றை வேளை அல்பெண்டசோல் கொக்கிப்புழு உள்ள பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குத்தான் முழுக் குணம் தரும் என்பது அலுவலகத்துக்குத் தெரியாததா? குணமானவரும் மறுநாள் அதே தோப்பில் கால் வைக்கிறார். கெட்டுப்போன மாதிரியைப் பார்த்துவிட்டு நோய் இல்லை என்று எழுதுவது, அணைந்த விளக்கைக் காட்டி வீட்டில் ஆளில்லை என்பது போல. எத்தனை முறை எழுதுவது? யாராவது ஒருவர் ஒரே ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தால் போதாதா?

4. இதற்குப் பெரிய செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியும் மலேரியாத் தகடும் பார்க்கும் நுண்ணோக்கி இருக்கிறது, ஆய்வக நுட்பநரும் இருக்கிறார். வேண்டியது:

அ) வாரத்தில் ஒரு காலைப்பொழுது. 0.85 சதவீத உப்புக் கரைசலில் ஒரு துளி, அதில் கடுகளவு மலம், மேலே கவர் கண்ணாடி, உடனே பார்ப்பது. முட்டை நிறைய இருந்தால் கண்டுபிடிக்க இதுவே போதும்.

ஆ) எண்ணிக்கை வேண்டுமென்றால் கேட்டோ-காட்ஸ் அச்சும் சல்லடைத் துணியும். கரைசல்: தண்ணீர் 100 மி.லி., கிளிசரின் 100 மி.லி., 3 சதவீத மாலகைட் பச்சை 1 மி.லி. செல்லோஃபேன் துண்டுகள் அதில் ஒரு நாளாவது ஊற வேண்டும். 41.7 மி.கி. மலம் பிடிக்கும் அச்சில் எண்ணியதை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது கிடைக்கும். 2,000-க்குக் கீழே என்றால் லேசானது, 4,000-ஐத் தொட்டால் கடுமையானது.

இ) அனுப்பியே தீர வேண்டிய மாதிரிக்கு 10 சதவீத ஃபார்மலின், அல்லது ஐஸ் போட்ட தனித் தெர்மோகோல் பெட்டி. தடுப்பூசிப் பெட்டியைத் தயவுசெய்து இதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஈ) முட்டை தெரிந்தால் அன்றே அல்பெண்டசோல், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனை. பேதியும் உப்புசமும் இருந்து முட்டை இல்லாதவருக்கு ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியையும் பார்க்க வேண்டும். அதுவும் இரும்பு உறிஞ்சும் இடத்திலேயே ஒட்டிக்கொள்வது. முகாமின் ஒற்றை மாத்திரை அதற்குப் பற்றாது.

5. முந்திரி உடைக்கும் கொட்டகைகளில் வேலை செய்யும், பள்ளியை விட்ட பிள்ளைகளும் 19 வயதுக்குள்தான். அவர்களை எந்த முகாமும் எண்ணுவதில்லை.

6. கழிப்பறைத் தண்ணீர் தங்கள் துறையில் வராது என்பார்கள். தெரியும். ஆனால் தாங்கள் ஒரு வரி எழுதினால் மோட்டார் சரியாகும், நாங்கள் எழுதினால் கோப்பில் சேரும்.

7. மாதிரியை இங்கேயே பார்க்க வேண்டும் ஐயா. பேருந்தில் அனுப்ப வேண்டாம்.

ஆகவே, அடுத்த குடற்புழு நீக்க நாளுக்கு முன்பாக, மேற்படி பரிசோதனையை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மாதிரி வாங்கிய அன்றே செய்ய ஆணை பிறப்பிக்குமாறு மிகப் பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள். டப்பாக்களை மேலிடத்துக்கு நாங்களே எடுத்துப் போகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கம்)

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், "புழு முட்டை இல்லை" தாள்களின் நகல். ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்த நேரத்தையும் தகடு பார்த்த நேரத்தையும் சிவப்பு மையில் குறித்திருக்கிறோம்.