டாட்ஸ் சாகவில்லை, தோழர்

அன்புள்ள தோழருக்கு,

வணக்கம். பெர்லினின் இடதுசாரி நாளிதழான டாட்ஸுக்கு நீங்கள் எழுதியிருந்த இரங்கல் பதிவைப் படித்தேன். மாலை போடுவதற்கு முன் ஒருமுறை நாடி பிடித்துப் பார்த்திருக்கலாம். 2025 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமையோடு வாரநாள் அச்சுப் பதிப்பு நின்றது உண்மைதான். ஆனால் வாரநாள்களில் அதே இதழ் செயலியில் வருகிறது. வாரக் கடைசிக்கான தடித்த இதழ் இன்னும் காகிதத்திலேயே அச்சாகிறது. "விளம்பரதாரர்கள் கைவிட்டதால் செத்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. டாட்ஸ் விளம்பரத்தை நம்பிப் பிழைத்த பத்திரிகையே இல்லை.

கதை 1977இல் தொடங்குகிறது. அந்தச் செப்டம்பரில் செம்படைப் பிரிவு என்ற ஆயுதக் குழு, முதலாளிகள் சங்கத் தலைவர் ஹன்ஸ் மார்ட்டின் ஷ்லையரைக் கடத்தியது. செய்தி வெளியிடாமல் அடக்கி வாசிக்கும்படி அரசு கேட்டது. பெரிய பத்திரிகைகள் கேட்டுக்கொண்டன. அரசு சொன்னால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்றால், நமக்கென்று ஒரு தாள் வேண்டாமா என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது. 1978 ஜனவரியில் மேற்கு பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்த 'டூனிக்ஸ்' மாநாட்டில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். 'ஒன்றும் செய்யாதே' என்பதுதான் பெயரின் பொருள். ஒன்றும் செய்யக் கூடாதென்று கூடியவர்கள் ஒரு நாளிதழைத் தொடங்கிவிட்டார்கள்! வழக்குரைஞர் ஹன்ஸ் கிறிஸ்டியான் ஸ்ட்ரோபலே அதில் முன்நின்றவர்களில் ஒருவர். பின்னாளில் பசுமைக் கட்சி எம்.பி. ஆனாரே, அவரேதான். அந்த ஆண்டே வெள்ளோட்ட இதழ்கள் வந்தன. 1979 ஏப்ரல் 17 முதல் தினசரி. பெயர் 'டி டாகஸ்ட்சைட்டுங்', அதாவது வெறும் 'நாளிதழ்'. டாட்ஸ் என்பது அதன் சுருக்கம்.

தொடக்க ஆண்டுகளில் தலைமை ஆசிரியர் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சம்பளம், அதுவும் சொற்பம். அச்சுக் கோர்ப்பவருக்கும் கட்டுரையாளருக்கும் ஒரே தகுதி. இது வெறும் கோஷமாக நிற்கவில்லை, பக்கத்திலேயே தெரிந்தது. அன்று கட்டுரையாளர் கொடுத்த தாளைப் பார்த்து அச்சுக் கோர்ப்பவர் முழுவதையும் மறுபடி தட்ட வேண்டும். தட்டும்போது எரிச்சல் வந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே அடைப்புக்குறி திறந்து, 'இதை நீ நிஜமாகவே நம்புகிறாயா?' என்கிற தோரணையில் ஒரு வரி சேர்த்து, 'அச்சுக் கோர்ப்பவர் குறிப்பு' என்று போட்டுவிடுவார். 'அச்சுக் கோர்ப்பவர்' என்பதற்கான ஜெர்மன் சொல்லையும் வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு, இரண்டு இசட் போட்டு எழுதுவார்கள். கட்டுரையாளர் மறுநாள் காலை தாளைப் பிரிக்கும்போதுதான் தன்னை யாரோ கிண்டலடித்திருப்பது அவருக்கே தெரியும். வாசகர்களுக்கு இது பிடித்துப்போனது. பிறகு கட்டுரையாளர்களே கணினியில் தட்டத் தொடங்கினார்கள். அந்த வேலை போனது, குறிப்புகளும் போயின. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

இந்தச் சுதந்திரத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1988இல் ஒரு டிஸ்கோ அரங்கின் நெரிசலை நாஜிகளின் நச்சுவாயு அறையோடு ஒப்பிடும் ஒரு சொல் அச்சேறிவிட்டது. பெரும் கொந்தளிப்பு. பொறுப்பான இரண்டு ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். 'எல்லாரும் சமம்' என்கிற இடத்தில் கடைசியாகப் படித்துப் பார்த்து நிறுத்த வேண்டியவர் யார் என்ற கேள்வி அன்று முகத்தில் அறைந்தது.

இனி காசு விஷயம். பத்திரிகை ஏன் பெர்லினில் தொடங்கியது என்பதற்குப் புரட்சிகரமான காரணம் தேட வேண்டாம். சுவரால் சூழப்பட்ட மேற்கு பெர்லினில் தொழில் நடத்துவோருக்கு மேற்கு ஜெர்மனி வரிச்சலுகை கொடுத்தது. ஊழியருக்கும் சம்பளத்தில் 8% வரியில்லாத கூடுதல் படி. முதலாளித்துவ அரசின் மானியத்தில் முதலாளித்துவ எதிர்ப்புப் பத்திரிகை ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1989இல் சுவர் விழுந்தது. மானியத்துக்கான காரணமும் கூடவே விழுந்தது, சில ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தினார்கள். கிழக்கு ஜெர்மனிக்கென்று 1990 பிப்ரவரியில் தொடங்கிய தனிப் பதிப்பும் நிலைக்கவில்லை.

1991இல் ஊழியர்கள் இரண்டாகப் பிரிந்து மோதினார்கள். பணமுள்ள ஒரு முதலீட்டாளரைச் சேர்ப்போம் என்றது ஒரு தரப்பு. பங்குகளை வாசகர்களிடமே விற்போம் என்றது மற்றது. இரண்டாவது தரப்பு வென்றது. கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். இன்று ஒரு பங்குக்குக் குறைந்தது 500 யூரோ. தவணையிலும் கட்டலாம். 500 போட்டவருக்கும் 50,000 போட்டவருக்கும் பொதுக்குழுவில் ஒரே ஓட்டு. அதனால் யாரும் பத்திரிகையை விலைக்கு வாங்கிவிட முடியாது. லாபப் பங்கு எதிர்பார்த்து யாரும் சேர்வதில்லை. விலகினால் போட்ட பணம் அன்றைய கணக்கு நிலவரப்படி திரும்ப வரும். நட்டம் ஏறியிருந்தால் குறைத்துத்தான் வரும். இங்கேதான் ஆபத்து: நிறையப் பேர் ஒரே சமயத்தில் விலகினால் கையிருப்பு காலி. ஆகவே புது உறுப்பினர் சேர்ப்பது அங்கே ஓயாத வேலை. இன்று 20,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

சந்தாவிலும் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார்கள். ஒரே இதழுக்கு மூன்று விலை: சலுகை விலை, நடு விலை, கூடுதல் விலை. எதைக் கட்டுவது என்பதை வாசகரே முடிவு செய்கிறார், வருமானச் சான்று கேட்பதில்லை. ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்பீர்கள். அதிகம் கட்டுபவர்கள் போதுமான அளவு இருக்கும்வரை கணக்கு நிற்கிறது, அவ்வளவுதான். இணையத்திலும் அதே நம்பிக்கைதான். 1995லேயே முழு இதழையும் இணையத்தில் ஏற்றியவர்கள் இன்றுவரை கட்டணச் சுவர் எழுப்பவில்லை. 2011 முதல் 'முடிந்தால் கொடுங்கள்' என்று கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரிகையின் சின்னம் ஒரு விலங்கின் பாதம். ஜெர்மனில் பாதத்துக்கு 'டாட்ஸே' என்பார்கள், அந்தச் சிலேடைதான். அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய மறந்துவிட்டார்கள். மலையேறுவோருக்கான உடை விற்கும் ஒரு நிறுவனம் அதைப் போன்ற பாதத்தைப் பதிவு செய்துகொண்டது. வழக்கு நடந்து, தம் சொந்தப் பாதத்தைப் பொருள்களில் அச்சிட்டு விற்கும் உரிமையையே பத்திரிகை இழந்தது. பதிவு செய்ய மறந்தால் இப்படித்தான்.

ஆக்சல் ஸ்பிரிங்கர் தொடங்கிய வலதுசாரிப் பத்திரிகைக் குழுமமான ஸ்பிரிங்கர் நிறுவனத்தோடு நடந்த மல்லுக்கட்டை உங்கள் பதிவில் தொடவே இல்லை, அதனால் ஒன்றே ஒன்று. டாட்ஸ் அலுவலகம் இருந்த கோக் தெருவின் ஒரு பகுதிக்கு அந்த நிறுவனத்தை எதிர்த்த 1960களின் மாணவர் தலைவர் ரூடி டுச்கேயின் பெயரை வைக்கவேண்டும் என்று பத்திரிகை 2004இல் கேட்டது. எதிர்ப்பாளர்கள் வட்டார வாக்கெடுப்பு வரை போனார்கள். 2007இல் 57% பேர் டுச்கே பக்கம் நின்றார்கள். 2008இல் பலகை ஏறியது. அந்தத் தெரு முட்டுவது ஆக்சல் ஸ்பிரிங்கர் தெருவில். அந்த முனையில் முதலில் செல்லும் உரிமை டுச்கே தெருவில் வருகிற வண்டிக்கு.

கடைசியாக, நீங்கள் மரணம் என்று சொன்ன விஷயம். 1979 முதல் கணக்கு வழக்கைப் பார்த்துவந்த மேலாளர் கார்ல் ஹைன்ட்ஸ் ரூக், வாரநாள் அச்சு முடிவுக்கு வரும் என்று 2018லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். காரணம் எளிது. ஒரு தெருவில் 20 வீட்டுக்குத் தாள் போடும் பையனுக்கும் 2 வீட்டுக்குப் போடும் பையனுக்கும் நடை ஒன்றுதான். அச்சகமும் லாரியும் அப்படியே. பிரதிகள் குறையக் குறைய ஒரு பிரதிக்கான செலவு ஏறுகிறது. பணம் தீர்ந்தபின் நிறுத்துவதைவிட, கையில் இருக்கும்போதே வாசகரை ஒவ்வொருவராகச் செயலிக்கு மாற்றிவிடுவது என்று முடிவெடுத்து ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் நாடு தழுவிய நாளிதழ்களில் இதை முதலில் செய்தது அவர்கள்தான்.

பதிவை நீக்க வேண்டாம், தோழர். விளம்பரம் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். தலைப்பில் 'மறைந்தது' என்றிருக்கும் இடத்தில் 'வாரத்துக்கு ஒருமுறை காகிதத்தில்' என்று போடுங்கள். 'நாளிதழ்' என்று பெயர் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை அச்சாகிற வேடிக்கையைப் பற்றி ஒரு வரி சேர்த்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்புடன்.