கிளாம்ப் திறந்தபின் முதல் அரை நிமிடம்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கண்டேன். லேப்பரோஸ்கோபி (வயிற்றில் சிறு துளைகள் வழியே கேமரா பார்த்துச் செய்யும் அறுவை) பயிற்சிப் பெட்டியில் திடீர் இரத்தக்கசிவையும் சேர்க்கப் போகிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. லேப்பரோஸ்கோபி அடிப்படைத் திறனைச் சோதிக்கும் எஃப்எல்எஸ் தேர்வின் ஐந்து கைப்பயிற்சிகளிலும் இரத்தமே கிடையாது. அதில் தேறியவன் பித்தப்பைத் தமனி பீறிட்டதும் கைமறந்து நிற்பதில் வியப்பென்ன?

மாதிரிக்கு ஆட்டு ஈரலே போதும். கறிக்கடையில் முந்தின நாளே சொல்லி வை. இல்லாவிட்டால் பழக்கத்தில் பித்தப்பையை அறுத்தெறிந்துவிட்டுத்தான் தருவார்கள். ஆட்டின் தமனியில் குழாய் செருக முடியாது. திருவிழாவில் நாய்க்குட்டி முறுக்கித் தருகிற நீள பலூனைப் பித்தப்பை நாளத்துக்குப் பக்கத்தில் சவ்வுக்கடியில் படுக்கவைத்து, அதன் வாயை இரத்தம் ஏற்றும் செட்டின் முனையில் நூலால் இறுக்கிக் கட்டு. பக்கவாட்டில் 2 மி.மீ. வெட்டு. செட்டில் மாட்டிய பாட்டில் 124 செ.மீ. உயரத்தில் தொங்கினால் சுமார் 100 மி.மீ. பாதரச அழுத்தம், சிரைக் கசிவுக்கு 15 செ.மீ. போதும். குழாயை நீளமாக விடாதே, பீறிடாமல் ஒழுகும். தண்ணீரில் எடைக்கு 40 சதம் கிளிசரினும் சிவப்புச் சாயமும் கலந்தால் இரத்தத்தின் பிசுபிசுப்பு ஏறக்குறைய வந்துவிடும். இது உறையாது. அதனால் சிரைக் கசிவுச் சுற்றில் 5 நிமிடம் கை நகராமல் அழுத்தியவனுக்கு மட்டும் நீயே செட்டின் குழாயை அடைக்கும் கிளாம்பை மூடிவிடு.

கிளாம்பைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் திறக்கட்டும், நேரம் சொல்லாமல். சில சுற்றுகளில் திறக்கவே வேண்டாம். திறந்ததும் செய்யவேண்டியது ஒன்றுதான்: இடக்கையிலுள்ள கிராஸ்பர் (பிடிக்கும் கருவி) ஏற்கெனவே பிடித்திருக்கும் பித்தப்பைக் கழுத்தைக் கசியும் இடத்தின்மேல் வைத்து அழுத்துவது. கேமரா சற்றுப் பின்வாங்கட்டும். லென்ஸில் தெறித்தால் வெந்நீரில் கழுவி வரட்டும். 10 மி.மீ. போர்ட் (கருவி நுழையும் துளைக்குழாய்) வழியாகக் காஸ் துணி. மயக்க மருத்துவருக்கு வாய்விட்டுச் சொல்லவேண்டும். இரத்தத்தை உறிஞ்சும் சக்‌ஷனும் இரத்தக்குழாயை நெரித்து அடைக்கும் கிளிப்பும் அதற்கப்புறம்தான். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சிவப்புக் குட்டைக்குள் கிளிப்பைப் போடுவார்கள். நிஜத்தில் அங்கே மாட்டுவது பொதுப் பித்தநாளமோ வலது ஈரல் தமனியோ.

சக்‌ஷன் விஷயத்தில் பெட்டி பொய் சொல்லும், கவனி. நிஜ அறுவையில் வயிற்றை 12 முதல் 15 மி.மீ. பாதரச வாயு அழுத்தம் தூக்கி நிறுத்துகிறது. சக்‌ஷனை விடாமல் பிடித்தால் வாயுவும் போய்ச் சுவர் இறங்கும், பார்வை குறுகும், அதுவரை அடங்கியிருந்த சிரையும் கசியும். பெட்டியின் மூடி இறங்குமா? பையன் ஆனந்தமாக உறிஞ்சிக்கொண்டிருப்பான். ஒரே மூச்சில் 3 நொடி தாண்டினால் விளக்கை மங்கலாக்கு. வாயு அழுத்தத்தை 20 வரை ஏற்றிச் சிரைக் கசிவை அடக்குவதுண்டு; பெரிய சிரை கிழிந்திருந்தால் வாயு இரத்தத்துக்குள் ஏறும் என்பதையும் சேர்த்தே சொல்.

மதிப்பெண்ணுக்கு மூன்று போதும்: கசிவை அழுத்திப் பிடிக்க எத்தனை நொடி, பாட்டிலில் எவ்வளவு குறைந்தது, கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை கிளிப் போட்டான். கடைசியது ஒன்று இருந்தாலும் நான் தேறவிட மாட்டேன். வயிற்றைத் திறக்க முடிவெடுத்தவனுக்குக் குறைக்காதே. ஆனால் கத்திக்குக் கை நீட்டும்போது கிராஸ்பரைத் தளர்த்துகிறானா என்று பார். பலர் அங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். உள்ளே அழுத்தம் அப்படியே நிற்க, உதவியாளர் கைமாற்றிக்கொள்வதையும் பழக்கு.

பெட்டியின் உள்ளளவை எழுது. போர்ட் இடங்களை வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
முத்து