குழி அவர்களுக்கு, வெள்ளம் இவர்களுக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் நகராட்சி வரிக் கணக்கு கனவில் வருகிறது என்று எழுதியிருந்தாய். அப்படியானால் என் மகள் குடிவந்திருக்கும் இந்த ஊரைப் பற்றி உனக்குத்தான் எழுத வேண்டும்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பேரி என்கிற கருங்கல் ஊர். மக்கள்தொகை சுமார் 8,500. நம் பக்கத்தில் இது ஒரு சின்னப் பேரூராட்சி அளவுதான்; இங்கே மேயர், கவுன்சில், நிர்வாக மேலாளர் என்று எல்லாம் உண்டு. 1895இல் பேரி நகரம் தனியாகப் பிரிந்துகொண்டது. சுற்றுப்புறம் பேரி டவுன் என்று அதே பெயரோடு தனி நிர்வாகமாக இருக்கிறது. மலைமேல் உள்ள பெரிய கல்குவாரி டவுனின் எல்லைக்குள் போய்விட்டது. கல் அறுக்கும் பட்டறைகளும் தொழிலாளர் வீடுகளும் ஆற்றோரத்தில், நகரத்தின் பங்கில். இந்த எல்லைக்கோட்டை வரைந்தவரை நீ பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாய்.

ஸ்காட்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த கல்தச்சர்கள் கட்டிய ஊர் இது. 1900இல் இத்தாலியத் தொழிலாளர்கள் தங்கள் கையாலேயே ஒரு தொழிலாளர் மன்றம் எழுப்பினார்கள். வாசலுக்கு மேலே சுத்தியல் பிடித்த கை கல்லில் செதுக்கியிருக்கிறது. 1912இல் லாரன்ஸ் நகர ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய குழந்தைகளில் சிலரை இந்த ஊர் வரவழைத்துச் சோறு போட்டது. 1916இல் ராபர்ட் கார்டன், 1929இல் ஃபிரெட் சூட்டர் என்று இரண்டு சோஷலிஸ்டுகள் மேயராகவும் வந்தார்கள். அமெரிக்காவில்தான், நம்பு! அந்த மன்றம் பின்னாளில் தக்காளிக் கிடங்காகிவிட்டது. 1995இல் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் வாங்கி மீட்டது.

நகரத்தின் ஹோப் கல்லறைத் தோட்டத்துக்கு அடிக்கடி போகிறேன். எல்லாமே இந்த ஊரின் சாம்பல்நிறக் கல். எலியா கோர்ட்டி என்ற சிற்பி கன்னத்தில் கைவைத்துச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். கோட்டின் பொத்தான்களும் மடிப்புகளும் துணி போலவே இருக்கின்றன, பக்கத்தில் அவருடைய உளியும் கருவிகளும். 1903இல் அதே மன்றத்தில் நடந்த கட்சிச் சண்டையில் குண்டடிபட்டுச் செத்தவர். இன்னொரு கல்லில் லூயிஸ் புரூசா மனைவியின் கைகளில் சாய்ந்து உயிர்விடுகிறார். காற்றழுத்த உளி வந்ததும் தூசி பொடியாகிப் பறந்தது, குளிருக்காகப் பட்டறையை மூடி வைத்தார்கள், நுரையீரல் கல்லானது. புரூசா தூசிக் கட்டுப்பாட்டுக்காகப் போராடி, அந்த சிலிக்கோசிஸ் நோயிலேயே 1937இல் போனார். உறிஞ்சு குழாய்கள் பட்டறைதோறும் வந்தது அதை ஒட்டிய ஆண்டுகளில்தான். வயிறு எரிகிறது.

இப்போதைய தலைவலி வேறு. 2023 ஜூலையில் ஆறு ஊருக்குள் புகுந்தது. மன்றத்தின் தரையும் நாசம். அடுத்த ஜூலையிலும் வெள்ளம். தாழ்வான தெருக்களில் பலர், அரசு வீட்டை வாங்கிக்கொள்ளட்டும் என்று மனுப் போட்டிருக்கிறார்கள். வாங்கினால் வீட்டை இடித்துவிட வேண்டும். அந்த மனையில் மறுபடி எதுவும் கட்டக்கூடாது. ஒவ்வொரு வீடும் வரிப் பதிவேட்டிலிருந்து ஒரு வரி காணாமல் போவதுதான். இடம்பெயர்பவர் மேட்டில், அதாவது டவுனில் வீடு பார்த்தால் அந்த வரி அங்கே போய்விடும். கவுன்சில் மென்று விழுங்கியது. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

ஆற்றங்கரைக் குடிசைகளை மாற்றிய காலத்தில் வரி இழப்பை நீங்கள் எந்தத் தலைப்பில் ஈடுகட்டினீர்கள்? விவரமாக எழுது. முட்டிவலிக்குத் தைலம் தேய்த்தாயா என்பதையும்.

உன்,
மாணிக்கம்