தொப்பூரில் கைகொடுத்த லாரிக்கார அண்ணனுக்கு நன்றி

பேரைக் கேட்டதற்கு "அதெல்லாம் எதுக்கு தம்பி" என்று சிரித்துவிட்டுப் போன அண்ணனுக்கு இந்த நன்றி. தர்மபுரி–சேலம் சாலையில், தொப்பூர் கணவாய்க்கு முன்னால் டீக்கடை ஓரம் நின்ற வெள்ளை வேன் எங்களுடையது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் நாங்களே பொருத்திய பழைய டீசல் வண்டி.

காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. டீசல் பம்பையே இறக்கணும் என்று ஒரு பட்டறையில் பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். அண்ணே, நீங்கள் டீசல் ஃபில்டருக்குப் பக்கத்தில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டைச் செருகி, டீசலைக் கையால் ஏற்றுகிற கைப்பம்பை அடித்துக் காட்டினீர்கள். குமிழி குமிழியாக வந்தது. ஏர்! ராத்திரியில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது, லைனில் காற்று புகுந்துகொள்கிறது. அப்புறம் இன்ஜெக்டர் எதைத் தெளிக்கும்?

ஃபில்டர் தலையில் போல்ட்டுக்கு அடியில் இருந்த செம்பு வாஷர் சரியாக அமராமல் காற்றை விட்டதுதான் காரணம். புதுசு கைவசம் இல்லை. பழையதையே டீக்கடை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டீர்கள். எஃகு என்றால் இறுகிவிடும். செம்பு இளகி, மறுபடி நன்றாக அமர்கிறது. பிறகு காற்றை வெளியேற்றுகிற ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை என்னையே கைப்பம்பை அடிக்கச் சொன்னீர்கள். பிடித்துக்கொண்டது.

காசு வாங்கவில்லை, ஒரு டீ மட்டும். அதுவும் சர்க்கரை கம்மி.

ஓசூர் போகிற லாரி என்பது தவிர வேறு விவரம் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்: வண்டி இப்போது காலையில் உடனே பிடிக்கிறது, புது வாஷரும் மாற்றியாகிவிட்டது.