நான் சொல்லாமல் விட்ட விலை

திருகோணமலை,
ஆகஸ்ட் 17

அன்புள்ள சின்னக்கிளி,

சித்திரை வருடப்பிறப்புக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நாலு மாதம். கோபித்துக்கொண்டுதான் இருப்பாய். கோபித்துக்கொள், ஆனால் இதை முழுக்க வாசித்த பிறகு கோபித்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் தொடங்கினால் நீ நடுவில் புகுந்து எனக்காகச் சண்டைக்குக் கிளம்பிவிடுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் இருந்தே உன் பழக்கம் அதுதானே.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, கோணேசர் கோயில் ஏற்றத்தைத் தனியாகவே ஏறி இறங்குகிறார். கச்சான் காற்று இந்த முறை கடுமை. கோட்டை மான்கள் சுகமாக இருக்கின்றன, உன் சோற்றுப் பார்சலைத் தின்றதன் பேரப்பிள்ளைகள் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். மகனின் பெறுபேறு வந்ததும் எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நிலாவெளியில் வெள்ளிக்கிழமைகளில் நான் பெலி டான்ஸ் ஆடுகிற ஹோட்டலில் இருந்து போன மாதம் ஒரு மெசேஜ் வந்தது. இனி வரத் தேவையில்லையாம், இதுவரை ஆடியதற்கு நன்றியாம். மூன்று சீசனாக அங்கே ஆடுகிறேன். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும்தான் நமக்கு வெள்ளைக்காரர்கள் வருகிற காலம். அந்த ஐந்து மாதக் காசில்தான் மழைக்காலத்தில் வகுப்பு மண்டபத்துக்கு வாடகை கட்டுகிறேன். ஏன் என்று கேட்டு எழுதினேன், பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அங்கே சமைக்கிற அண்ணா சொல்லித்தான் தெரிந்தது. இருபது நிமிட ஆட்டத்துக்கு நான் 25,000 ரூபா வாங்கினேன். 9,000 ரூபாவுக்கு ஒரு பிள்ளை வந்து ஆடுகிறாள். அவள் என் வகுப்பில் எட்டு மாதம் படித்த பிள்ளை.

நீயும் அவளைப் பார்த்திருக்கிறாய். போன வருடம் வந்தபோது கடைசி வரிசையில் நின்று, சலங்கை கட்டாத காலாலேயே மண்டபம் அதிரத் தட்டினாளே, அவள்தான்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. காசு போனதற்காக மட்டும் இல்லையடி. அவளுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பரதம் படித்த பிள்ளைக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது ஒரு பக்கம் லேசு, ஒரு பக்கம் பெரும்பாடு. தாளம் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. மக்ஸூம் என்கிற தாளத்தை “டும் டெக், டெக் டும், டெக்” என்று இரண்டு தரம் வாயால் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். ஆனால் பத்து வருடம் அரைமண்டியில் நின்ற கால் தரையை அடிக்கத்தான் பார்க்கும். இங்கே முழங்கால் இலேசாக மடிந்திருக்க வேண்டும், பாதம் சத்தம் போடக்கூடாது, நெஞ்சுக்கூடு அசையாமல் நிற்க இடுப்பு மட்டும் தனியாகப் பேச வேண்டும். உடம்பை ஒரே தூணாக நிறுத்தப் பழகியவளிடம், அந்தத் தூணை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அசை என்று சொன்னால் எப்படி இருக்கும்? இடது இடுப்பை மட்டும் கீழே விடுவதற்கு அவளுக்கு ஆறு கிழமை எடுத்தது. அது வந்த அன்று “அக்கா, வருகுது, வருகுது” என்று கத்தினாள். மற்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நான் துபாயில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்று உழைத்த சம்பளத்தில் பாதியைக் கொடுத்து, எனக்கு இந்த ஆட்டம் பழக்கிய அந்த அலெக்ஸாந்திரியா அம்மாவிடம் முதன்முதலாக அதைப் பிடித்த நாள் அப்படியே எனக்கு ஞாபகம் வந்தது.

வகுப்பு தொடங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். 2022இல், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில், பாட்டுப் போட வழியில்லை. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவைத்து நான் தாளம் போட, ஐந்து பேர் வியர்த்து வழிந்து ஆடினார்கள். இப்போது இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எல்லா வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். வங்கியில் வேலை செய்கிறவர்கள், கல்யாணம் முடித்த பிள்ளைகள், ஒரு பாட்டி கூட. அந்த வாளி இப்போது வாசலில் இருக்கிறது, உள்ளே வருமுன் எல்லோரும் போனை அதற்குள் போட வேண்டும். ஒரு படமும் வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் வருகிறார்கள்.

நம்முடைய டீச்சர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. போன கிழமை காளி கோயில் வாசலில் நேருக்கு நேர் கண்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரதம் சொல்லிக்கொடுத்துவிட்டு இதையெல்லாம் பார்க்க வேண்டி வந்துவிட்டதே என்று யாரிடமோ சொன்னாராம். எனக்கு அது வலிக்கிறது, ஆனால் நியாயமாகப் படவில்லை. இந்த ஆட்டத்துக்குப் பேர்போன எகிப்தில் 1834இல் முகமது அலி பாஷா தெருவில் ஆடுகிற பெண்களைக் கெய்ரோவில் இருந்து துரத்தி, தெற்கே எஸ்னா பக்கம் அனுப்பினார். நம் பக்கத்தில் என்ன நடந்தது? சதிர் ஆடியவர்களை ஊரே ஒதுக்கிவைத்தது, 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தது. அதே சதிரைத்தான் நாம் பரதநாட்டியம் என்று சொல்லி, தட்டு நிறையத் தேங்காய் பழம் வைத்துப் படித்தோம். டீச்சர் சின்னப் பிள்ளையாக ஆட வெளிக்கிட்டபோது அவருடைய சொந்தப் பெரியப்பா வீட்டுக்கு வராமல் நின்றாராம், அவரே நமக்குச் சொன்ன கதை இது. பிறகு எப்படி அவரால் முகத்தைத் திருப்ப முடிகிறது?

“பெலி டான்ஸ்” என்ற பெயரே பிழை. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் கூட்டம் சேர்க்கத்தான் அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பினார்கள். அரபியில் ரக்ஸ் ஷர்கி, கீழைத்தேச நடனம், அவ்வளவுதான். இருந்தாலும் என் போர்டில் பெலி டான்ஸ் என்றுதான் எழுதியிருக்கிறேன். வேறு எதை எழுதினாலும் இங்கே யாருக்கும் விளங்காது.

எங்கேயோ போய்விட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நான் அந்த ஹோட்டலுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், உனக்கு மறைக்க என்ன இருக்கிறது. சமையல் அண்ணா பின்பக்கத்தால் விட்டார். குசினிக் கதவோரம் இருட்டில் ஒரு கதிரையில் இருந்தேன்.

அவளை ஆட விட்ட இடம் நீச்சல் குளத்துக்குப் பக்கத்துத் தரை. வழுவழுப்பான டைல்ஸ், பாதி ஈரம். மூன்று சீசனுக்கு முன் நான் சண்டை பிடித்து அந்த இடத்தை மாற்றி, புல்தரையில் பலகை போட வைத்தேன். அந்தப் பலகை சுவரோரம் சாத்திக் கிடந்தது. அவள் வெறுங்காலோடு வந்தாள். இடுப்புத் துணி நல்லாக இருந்தது, மேல்சட்டை அளவாக இல்லை, ஊசி குத்திக் குத்திப் பிடித்திருந்தாள். உள்ளே வருகிற பாட்டுக்குப் பதிலாக, பாட்டுப் போடுகிற பொடியன் தர்புக்கா என்கிற பறையின் தனியாவர்த்தனத்தைப் போட்டுவிட்டான். கடைசியில், உடம்பெல்லாம் சூடேறின பிறகு ஆட வேண்டியது அது. நானாக இருந்தால் கையைக் காட்டி நிறுத்தியிருப்பேன். அவள் நிறுத்தவில்லையடி. ஒரு கணம் நின்று காதைக் கொடுத்தாள், பிறகு அந்தப் பறையின் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பை வைத்தாள். வலப்பக்கம், இடப்பக்கம், நடுவில் ஒரு நடுக்கம், ஒரு நிறுத்தம். நெஞ்சு அசையவில்லை, கால் சத்தம் போடவில்லை. கோபத்தோடு போனவள் நான், என் தொண்டை அடைத்துப்போனது. நான் சொல்லிக்கொடுத்தது அந்த உடம்பில் உயிரோடு நின்றது.

அப்புறம்தான் அது நடந்தது. முன்மேசையில் இருந்த ஒரு ஆள் எழும்பி வந்து, அவள் இடுப்புத் துணிக்குள் ஒரு நோட்டைச் செருகினான். அவள் அப்படியே விறைத்துப் போனாள். பாட்டு ஓடுகிறது, அவள் நிற்கிறாள். மனேஜர் தூரத்தில் நின்று, மேசைகளுக்குப் போ, மேசைகளுக்குப் போ என்று கையால் காட்டுகிறார். அவள் போனாள். இரண்டாவது மேசையில் இன்னொரு கை.

நான் எழும்பவில்லை. இதைத்தான் போனில் சொல்ல முடியாமல் உனக்கு எழுதுகிறேன். எழும்பிப் போய் அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம். எனக்குள் ஒரு மூலை, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தது. அந்த நினைப்பு ஒரு நிமிடம்தான் இருந்திருக்கும், ஆனால் இருந்தது. அதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

ஒரு கை நீண்டால் என்ன செய்வது என்று அலெக்ஸாந்திரியா அம்மா எனக்கு முதல் மாதமே பழக்கினார். சிரிப்பைக் குறைக்காதே, அந்தப் பக்கத்துக் கையால் முக்காட்டை வீசு, சுழன்று இரண்டு அடி விலகு, நடுவுக்கு வந்துவிடு. இதை ஒரு அடவு போல நூறு தரம் செய்ய வைத்தார். நான் என் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. இது கலை, இதில் அந்த அழுக்கைக் கொண்டுவரக்கூடாது என்று நினைத்தேன். டீச்சர் போன்றவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு அந்தப் பிடிவாதம் வந்திருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு ரோட்டில் தனியாக நின்றாள். ஹோட்டல் வாகனம் கொடுக்கவில்லை. என் ஓட்டோவை நிறுத்தினேன். என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள். உப்புவெளி தாண்டும் வரை இருவரும் கதைக்கவில்லை. அதன் பிறகு நான்தான் கேட்டேன், ஏன் 9,000 என்று.

“அக்கா, நீங்கள் எவ்வளவு வாங்குறீங்கள் என்று ஒருநாளும் சொல்லவே இல்லையே.”

அவ்வளவுதான் சொன்னாள். மனேஜர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அவளுக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை. கடையில் நின்றால் ஒரு மாதத்தில் கிடைப்பதை நாலால் பிரித்துப் பார்த்தாளாம். அது 9,000. என் இடத்தைப் பறிக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது, நான் வேறு நாளில் ஆடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

யோசித்துப் பார், சின்னக்கிளி. நான் என் விலையை யாருக்கும் சொன்னதில்லை. கலைக்காரி காசைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று நம் இரண்டு பேரையும் வளர்த்துவிட்டார்கள். டீச்சருக்குக் கூட வெற்றிலைக்குள் மடித்துத்தானே கொடுத்தோம், எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அதே மௌனத்தை நானும் என் வகுப்பில் வைத்திருந்தேன். அதை விலை கேட்கிறவன் நல்லாகப் பயன்படுத்திக்கொண்டான். 1926இல் கெய்ரோவில் பதியா மசாப்னி தன் கொட்டகையைத் திறந்தபோது, மேடையும் கணக்குப் புத்தகமும் ஒரு நடனக்காரியின் கையிலேயே இருந்தன. தஹியா கரியோக்காவும் சாமியா கமாலும் அங்கே ஆடித்தான் பெயர் எடுத்தார்கள். இந்தக் கதையை நான் வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். உடுப்பைப் பற்றிச் சொல்வேன், முக்காட்டைப் பற்றிச் சொல்வேன். கணக்குப் புத்தகத்தை ஒருநாளும் சொன்னதில்லை.

மறு வகுப்பில் ஆடவில்லை. எல்லோரையும் வட்டமாக இருத்தி, கரும்பலகையில் என் 25,000ஐ எழுதினேன். கை நடுங்கியது. நிலாவெளிக்குப் போக வர இரவு ஓட்டோ 3,500. மேக்கப், முடி 2,000. கெய்ரோவில் தைத்த உடுப்பு, பழையதாக வாங்கியே 300 டொலர், இரண்டு சீசன்தான் தாங்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பத்து மணித்தியாலப் பயிற்சி. ஒவ்வொன்றாக எழுத, வங்கியில் வேலை செய்கிற பிள்ளை போனை வாளியில் இருந்து எடுத்துவரச் சொல்லிக் கணக்குப் போட்டாள். 9,000இல் ஹோட்டலில் ஆடிய பிள்ளைக்கு மிஞ்சியது என்ன என்று வந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாட்டி அவளைப் பக்கத்தில் இழுத்து இருத்திக்கொண்டார்.

அன்றைக்கே முக்காட்டு வீச்சையும் தொடங்கிவிட்டேன். ஒருத்தி நோட்டோடு வருகிற ஆளாக நடிக்க, மற்றவர்கள் சுழன்று விலகப் பழகுகிறார்கள். ஒரே சிரிப்பு. ஆனால் நல்லாகச் செய்கிறார்கள்.

அந்த ஹோட்டல் எனக்கு இல்லை, அது போனதுதான். அவள் வாக்குக் கொடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையையும் ஆடி முடித்துவிட்டு நின்றுவிட்டாள். இரண்டு நாளும் நான் கூடப் போனேன், பலகையைப் போட வைத்தேன், முன்வரிசையில் இருந்தேன். மழைக்காலத்து வாடகைக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியாது. அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. நீ வேலை செய்கிற கந்தோரில் ஒப்பந்தம் எழுதுகிறீர்கள்தானே. எனக்கு ஒரு பக்கத்தில் ஒன்று வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீசிலும். பாதிக் காசு முன்பணமாகத் தர வேண்டும், காய்ந்த தரை வேண்டும், பூட்டுப் போடக்கூடிய உடுப்பு மாற்றும் அறை வேண்டும், பத்து மணிக்குப் பிறகு என்றால் வீடு வரை வாகனம் வேண்டும். மேசைக்கு மேசை போக மாட்டோம், யாரும் தொடக்கூடாது, தொட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும், காசு முழுக்கத் தர வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சட்டப்படி எப்படி எழுதுவது என்று உன் கந்தோர் ஐயாவிடம் கேள். என் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுக்கப் போகிறேன். ஐயாவிடம் சும்மா செய்து தரச் சொல்லிக் கேட்காதே, அவருடைய விலை என்னவென்று கேட்டு எழுது.

செப்டெம்பர் முதல் கிழமைக்குள் வந்தால் நல்லது. 12ஆம் திகதி உப்புவெளியில் ஒரு கல்யாண வரவேற்பு இருக்கிறது. அவளும் நானும் சேர்ந்து ஆடுகிறோம், ஆளுக்கு 25,000.

அன்புடன்,
உன் பக்கத்து மேசைக்காரி