வழியோரக் கல் சிலுவைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. கோடை நடைப்பயணம் மழையிலும் நடந்தது. செய்திமடல் இரண்டு இதழ்கள் வந்தன.

இந்த ஆண்டின் பெரிய வேலை, தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் நிற்கும் பழைய கல் சிலுவைகளைப் படமெடுத்துப் பதிவு செய்ததுதான். அந்தக் காலத்தில் பக்ஃபாஸ்ட் மடத்திலிருந்து மேற்கே பக்லாண்ட், டாவிஸ்டாக் மடங்களுக்குப் போனவர்கள் இந்த மேட்டுநிலத்தைத்தான் கடக்க வேண்டியிருந்தது. மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது, பாதை தவறினால் சதுப்பு. அவர்களுக்கு வழிசொன்னவை இந்தக் கற்கள்.

அவற்றில் நன்ஸ் கிராஸ் என்ற சிலுவைக்கு மட்டும் மூன்று முறை போனேன். ஏழடிக்கு மேல் நிற்கும் அந்தக் கல், 1240ஆம் ஆண்டு எல்லைக் குறிப்பிலேயே சீவர்டின் சிலுவை என்று வருகிறது. 1846இல் கீழே விழுந்து உடைந்தபோது இரும்புப் பட்டி போட்டு ஒட்டவைத்தார்கள். அந்தப் பட்டியை எல்லாப் பக்கமும் படமெடுத்திருக்கிறேன். துரு கூடுகிறதா என்று இனி ஆண்டுதோறும் ஒப்பிடலாம்.

இதற்காக ஆறு சனிக்கிழமைகள் ஒதுக்கி எல்லோருக்கும் கடிதம் போட்டேன். ஒருமுறைகூட மூன்று பேருக்கு மேல் வரவில்லை. இரண்டு சனிக்கிழமை நான் தனியாகவே அளவு நாடாவைப் பிடித்தேன். வர முடியாதவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம்மில் ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு சிலுவையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டார். கல்லின் மேல் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும் லைக்கன் அழுக்கு அல்ல, மிக மெதுவாக வளரும் உயிர். தேய்த்தால் அதோடு கல்லின் மேற்பரப்பும் போகும், எழுத்து இருந்தால் அதுவும் போகும். சட்டப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் அனுமதியின்றி எந்த வேலையும் செய்யக் கூடாது. தயவுசெய்து யாரும் தொட வேண்டாம்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் உண்டு. சிலர் இரண்டு ஆண்டுச் சந்தா கட்டவில்லை. கட்டியிருந்தால் படங்களை அச்சிட்டிருப்போம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்குத் தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பண்ணை வாசல்களைப் பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பல சிலுவைகள் கை உடைந்து கேட் தூண்களாகிவிட்டன. இன்னும் எத்தனை அப்படி நிற்கின்றனவோ. பண்ணைக்காரர்களிடம் பேச இரண்டு பேர் வேண்டும், கார் உள்ள ஒருவர் வேண்டும். என் முழங்கால் பழையபடி இல்லை. அப்புறம், செயலாளர் பொறுப்புக்கு வேறொருவர் முன்வந்தால் பதிவேடு முழுவதையும் ஒப்படைத்து, கூடவே நடக்கத் தயாராக இருக்கிறேன்.

மார்ச் முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்கு பென்னட்ஸ் கிராஸ் என்ற சிலுவை அருகே வண்டி நிறுத்துமிடத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்