காய்வதற்கும் நேரம் கொடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படித்தேன். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், மனசுக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், அதனால் பகலில் வீட்டில் நானும், நான் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லிக் கிழவியும்தான். அவளுக்கு வயது 15 தாண்டிவிட்டது. நடை கொஞ்சம் தளர்ந்திருக்கிறதே தவிர, புழுவைக் கண்டால் இன்னும் அதே வேகம்தான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நீ வளர்க்கும் கிரெஸ்டட் கெக்கோப் பல்லியின் தொட்டியில் கார்க் பட்டைமேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருக்கிறது, அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் தெளிப்பதையே நிறுத்திவிட்டேன், இப்போது விரல்களில் தோல் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மூன்றும் ஒரே கோளாறின் வெவ்வேறு முகங்கள்தான். பூசணம் இரண்டு நாள் காத்திருக்கும், விரல் காத்திருக்காது. அதனால் முதலில் விரலைப் பார்ப்போம்.

ஒட்டிக்கொண்ட தோல் காயக் காய இறுகும். விரலைச் சுற்றி அது ஒரு வளையமாகிவிட்டால் ரத்தம் போவது நின்று, விரல் நுனி கறுத்து, சில சமயம் உதிர்ந்தே போய்விடும். வால் நுனிக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரு மூடியுள்ள டப்பாவில் காற்றோட்டத்துக்குச் சின்னத் துளைகள் போட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டை விரித்து, உன் கெக்கோவை 15, 20 நிமிடம் உட்கார வை. தண்ணீர் கை பொறுக்கும் சூடுகூட இருக்கக் கூடாது. வெதுவெதுப்பு தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும். இந்த இனத்துக்கு 28 டிகிரிக்கு மேல் போனாலே தாங்காது. அப்புறம் நனைத்த பஞ்சுக்குச்சியால் விரலின் அடியிலிருந்து நுனிப்பக்கமாக மெதுவாக உருட்டு. வந்தால் வரட்டும், வராததைப் பிய்க்காதே. நாளைக்கு மறுபடி செய். லென்ஸ் வைத்துப் பார்த்தால் விரலடியில் வரிவரியாக மடிப்புகள் தெரியும். கண்ணாடியில் அவனை ஒட்ட வைப்பவை அவைதான். தோலோடு அவற்றையும் இழுத்துவிட்டால் ஏறவே தடுமாறுவான். நுனி கறுத்தோ வீங்கியோ இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டு போய்விடு.

இன்று ராத்திரியே பழையபடி தண்ணீர் தெளிக்க ஆரம்பி. பூசணத்தைப் பட்டினி போடுவதாக நினைத்து நீ பட்டினி போட்டது அவனைத்தான். இலையில் நிற்கும் சொட்டை நக்கித்தான் அவன் தாகம் தீர்த்துக்கொள்கிறான், கிண்ணத்தில் குடிப்பது குறைவு.

இனி பூசணம். அதன் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. உன் தொட்டியில் உண்டு, நீ இதைப் படிக்கும் அறையிலும் உண்டு. அவற்றை ஒழிப்பது நடக்காத காரியம். ஒரு வித்து முளைக்க ஈரம் வேண்டும், தின்ன ஏதாவது மக்கும் பொருள் வேண்டும். காற்று அசையாமல் நின்றால் அந்த ஈரம் காயாமல் இருந்து அதற்குக் கொண்டாட்டம். ஈரத்தை நீ முழுதாக எடுத்துவிட முடியாது, அது கெக்கோவுக்கும் வேண்டும். ஆக, உன் கையில் இருப்பது இரண்டுதான். காற்றை நகர்த்து, தீனியைக் குறை. எத்தனை சதவீதத்தில் ஈரம் வைப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தினமும் எத்தனை மணி நேரம் தொட்டி காய்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

இவனுடைய சொந்த மண் நியூ கலிடோனியாத் தீவு. அந்த இனமே அழிந்துவிட்டது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1994இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. காட்டில் ராத்திரி இலையெல்லாம் நனைந்திருக்கும், பகலில் காற்று அடித்து உலர்த்திவிடும். நாம் கண்ணாடிப் பெட்டியில் அந்த நனைவதை மட்டும் கொடுத்துவிட்டு உலர்வதை மறந்துவிடுகிறோம். ராத்திரி விளக்கு அணைக்கும் நேரத்தில் நன்றாகத் தெளி, ஈரப்பதம் 80 வரை ஏறட்டும். மறுநாள் பகலில் 50, 55 வரை இறங்க விடு. அப்படி இறங்குவதைப் பார்த்துப் பதறி மறுபடி தெளிக்காதே. காலையில் கண்ணாடி வேர்த்திருந்தால் தப்பில்லை, மதியத்துக்குள் தெளிந்துவிட வேண்டும். சாயங்காலம் வரை வேர்த்தே இருந்தால் தண்ணீர் அதிகம், அல்லது காற்று போதவில்லை.

இன்னொன்று, ஈரப்பத மீட்டரைப் பார்த்து நீ குழம்புகிற இடம். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூட்டாமல் ஈரப்பதம் ஏறும், இறங்கும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்தது குறைவாகத் தாங்கும், அவ்வளவுதான் காரணம். பகலில் 28 டிகிரியில் 60 காட்டும் அதே காற்று, ராத்திரி 22 டிகிரிக்கு இறங்கினால் 85ஐ ஒட்டி வந்துவிடும். நீ எதுவும் செய்திருக்க மாட்டாய், ஆனாலும் விடிகாலையில் கண்ணாடியில் நீர் கோத்து நிற்கும். அதனால் ஈரப்பதத்தை மட்டும் குறிக்காதே, கூடவே வெப்பத்தையும் குறி.

அந்த மீட்டரே சரியாகச் சொல்கிறதா என்பது வேறு விஷயம். முள் வைத்த வட்ட மீட்டரை நான் நம்புவதே இல்லை. டிஜிட்டல் ஒன்று வாங்கு, அதையும் சோதித்துப் பார். பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, உப்பு கரைந்துபோகாமல் குழைவாக நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடு. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத பையில் போட்டு இறுக மூடி ஒரு ராத்திரி முழுக்க வை. உப்பு நீர் மீட்டரில் படக் கூடாது. காலையில் அது 75 காட்ட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று எப்போதும் அந்த அளவில்தான் போய் நிற்கும். 69 காட்டினால் உன் மீட்டர் 6 குறைத்துச் சொல்கிறது என்று எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடு. பிறகு அதைத் தொட்டியின் நடு உயரத்தில் மாட்டு. தரையோரம் எப்போதும் அதிகம் காட்டும், விளக்கடியில் குறைத்துக் காட்டும்.

காற்றுக்கு வருவோம். உன் தொட்டி முன்பக்கம் கதவு திறக்கிற வகை என்று நினைக்கிறேன். கதவுக்குக் கீழே ஒரு காற்றுப் பட்டை இருக்கும், மேலே கம்பி வலை. சூடான காற்று மேல் வலை வழியாக வெளியேறும்போது கீழ்ப் பட்டை வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். இரண்டில் ஒன்றை அடைத்தாலும் இந்த ஓட்டம் நின்றுவிடும். ஈரம் போகிறதே என்று மேல்வலை முழுக்கப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுகிறவர்கள் நிறைய. நீயும் மூடியிருந்தால் பாதியை உடனே திற. மண்ணைக் கீழ்ப் பட்டை அளவுக்கு நிரப்பியிருக்கிறாயா என்றும் பார். அப்படியும் கண்ணாடி தெளியவில்லை என்றால், கம்ப்யூட்டரில் வரும் சின்ன ஃபேன் ஒன்றை மேல்வலைமேல் வெளியே காற்றை இழுக்கிற மாதிரி வைத்துப் பகலில் கொஞ்ச நேரம் ஓட்டு. அவன் மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது.

அடித்தளத்தை ஒருமுறை பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார். சுட்ட களிமண் உருண்டைகள் அடியில், மேலே வலை, அதற்கும் மேல் மண் என்ற வரிசையில்தானே போட்டாய்? உருண்டைகளின் நடுவே தண்ணீர் தேங்கி அது மண்ணைத் தொட்டுவிட்டால், மண் அதை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். நீ தெளிப்பதை நிறுத்திய பிறகும் அடிமண் நனைந்தே இருந்ததற்கு இதுதான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன். மெல்லிய குழாய் விட்டுத் தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்துவிடு. ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பிழிந்து பார். உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. முகர்ந்தும் பார். மழை பெய்த மண் வாசனை வந்தால் உள்ளே நல்ல நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. புளித்தோ அழுகியோ நாறினால் அடியில் காற்று போகவில்லை, அந்த மண்ணை மாற்றிவிடு. நனைந்த மண்ணிலேயே கிடந்தால் வயிற்றுத் தோல் புண்ணாகும்.

தீனி விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழப்பொடியைக் கரைத்துக் கிண்ணத்தில் வைக்கிறாய் அல்லவா, ராத்திரி அவன் நக்கும்போது கிண்ணத்துக்குக் கீழே சுவரிலும் இலையிலும் துளிதுளியாகத் தெறிக்கும். நம் கண் கிண்ணத்தை மட்டும் பார்க்கும், பூசணம் அந்தத் துளிகளில் ஆரம்பிக்கும். உன் கார்க் பட்டையில் வெள்ளை பூத்திருப்பது கிண்ணத்துக்கு நேர்கீழேயா என்று பார்த்து எழுது. மிச்சத்தைக் காலையிலேயே எடுத்துவிடு, எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதே. செத்த சிள்வண்டும் எச்சமும் அப்படித்தான்.

புதுத் தொட்டி என்றால் முதல் சில வாரங்களில் மரத்தில் வெள்ளை இழை பூப்பது இயல்பு. மரத்தில் இருக்கும் சர்க்கரையைத் தின்று தீர்த்ததும் அதுவாகவே அடங்கிவிடும். கார்க் பட்டையில் இது குறைவு. திராட்சைக் கொடிக் கட்டையில் ஓயாமல் பூக்கும், ஈரத் தொட்டிக்குள் அதை நான் விடவே மாட்டேன். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறங்களில் பரவினாலோ, துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்தாலோதான் கவலைப்பட வேண்டும். இன்னொன்று, கண்ணாடியோரம் தெரியும் வெள்ளை எல்லாம் பூசணம் இல்லை. கடின நீரின் உப்புப் படிவும் வெள்ளையாகத்தான் இருக்கும். தொட்டுப் பார்த்தால் நறநறக்கும், இழை இருக்காது.

துடைக்கும்போது அவனை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, நீ முகமூடி போட்டுக்கொள். உனக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டு, வித்துகள் உள்ளே போகக் கூடாது. காய்ந்த துணியால் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும், நனைத்த காகிதத்தால் ஒற்றி எடு. கட்டையை வெளியே எடுக்க முடிந்தால் கொதிநீரில் போட்டு நன்றாக வேகவிட்டு, முழுக்க உலர்ந்த பிறகு திரும்ப வை. கண்ணாடிக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி போதும், துடைத்ததும் நல்ல தண்ணீரால் கழுவி வாசனை போகும் வரை திறந்து போடு. பிளீச் பயன்படுத்துவதாக இருந்தால் வினிகரை ஒதுக்கிவிடு. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், உனக்கும் ஆபத்து, அவனுக்கும் ஆபத்து. மணமூட்டிய தரைத் துடைப்பான்கள், பூஞ்சைக்கொல்லி மருந்துகள் எதுவும் தொட்டிக்குள் வேண்டாம்.

துடைத்து முடித்ததும் பூசணத்தைத் தின்னும் ஸ்பிரிங்டெயில்களை வாங்கித் தொட்டிக்குள் விடு. எனக்கு இந்தக் குட்டிப் பூச்சிகள்மேல் ஒரு தனிப் பாசமே உண்டு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், வெள்ளை நிறம். அடுப்புக்கரித் துண்டுகளில் வளர்த்து டப்பாவில் கொடுப்பார்கள். அந்த டப்பாவில் தண்ணீர் ஊற்றினால் முழுகாமல் கூட்டமாக மேலே மிதந்து வரும், அப்படியே பூசணம் பூத்த இடத்தில் சாய்த்துவிடலாம். விளக்கணைத்த பிறகு லென்ஸும் டார்ச்சுமாக உட்கார்ந்து பார். வெள்ளை இழையின் ஓரத்தில் வரிசை கட்டி மேய்ந்துகொண்டிருக்கும். விரலை நீட்டினால் வயிற்றடியில் மடக்கி வைத்திருக்கும் வாலைத் தட்டிவிட்டுத் துள்ளிப் போகும். கெக்கோவை ஒன்றும் செய்யாது. மண் அடியோடு வறண்டால் மட்டும் செத்துப்போகும், அதனால் மண்ணின் மேற்பரப்பு உலர்ந்தாலும் உள்ளே லேசான ஈரம் இருக்கட்டும். எச்சத்தையும் உதிர்ந்த இலையையும் தின்ன ஐசோபாடு என்ற மரப்பேன் வகைச் சிற்றுயிர்களைச் சேர்க்கலாம், அவசரம் இல்லை.

என் கிழவியின் தொட்டியைப் பார்த்து நீ கணக்குப் போட்டுவிடாதே. அவள் வறண்ட நிலத்துக்காரி, தொட்டியில் 30, 40 சதவீதமே போதும். ஆனால் அவளுக்கும் தோலுரிக்க ஒரு மூலையில் ஈர ஸ்பேக்னம் பாசி போட்ட டப்பா உண்டு. வயதானதால் இப்போது விரல் நுனியில் தோல் தங்குகிறது, ஒவ்வொரு முறை உரித்ததும் லென்ஸில் பார்த்துவிடுகிறேன்.

கடைசியாக, அவன் வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா, மூக்கில் குமிழ் வருகிறதா, மூச்சில் சத்தம் கேட்கிறதா, தோலில் நிறம் மாறிய பொருக்கு இருக்கிறதா என்று தினமும் கவனி. இதில் எது தெரிந்தாலும் தொட்டியைத் திருத்துவதோடு நிற்காமல் மருத்துவரிடம் போ. தோல் பூஞ்சையைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது, மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அடுத்த கடிதத்தில் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு என்று குறித்து எழுது. உப்புச் சோதனையில் மீட்டர் என்ன காட்டியது என்பதையும் சேர்த்து எழுது. மேல்வலையை எவ்வளவு திறப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன். விரல் விஷயத்தை மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் போனில் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்